நிப்பாட்டின பிறகு

சாவியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்ட பிறகும்
இன்னாசிமுத்தரின் ஏ போர்ட்டி
ஒன்பது தரம் குலுங்கும்.
பத்தாவதுக்கு மனமில்லாமல் நிற்கும்.

போன சனி பாசையூரில் ஒரு செத்தவீடு.
பெட்டி இறக்கியாயிற்று,
சுவாமியார் சிலுவை அடையாளத்துக்குக் கை தூக்கிவிட்டார்,
வாசலில் இந்தச் சாமான் மட்டும்
டக், டுக், டக் எண்டு
தன்பாட்டில் ஒரு மன்றாட்டு.
"சவம் எழும்பியிட்டுதோ எண்டு பாத்தம்" என
ஆரோ சொன்னதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

திங்கள் ஏழரைக்கெல்லாம்
கோண்டாவிலில் என் கராஜ் வாசலில் நிற்கிறார்.
"பிள்ளை, பேய் கீய் பிடிச்சிருக்கோ இதுக்கு?"
பேயில்லை அண்ணை, கரி.
உள்ளுக்குள் எங்கேயோ ஒரு மூலை தணலாய்க் கிடக்கு.
பிளக் நெருப்புக் குடுக்காட்டிலும்
அது குடுக்கும்.

வளையல் இரண்டையும் கழற்றிப்
பழைய பிளக் பெட்டிக்குள் போட்டேன்.
பிஸ்கற் மட்டைப்பெட்டியில் எட்டு ஓட்டை குத்தி
புஷ்ரொட் எட்டையும் வரிசை பிசகாமல் நட்டுவைத்தேன்.
ஆறாவது கொஞ்சம் கோணல்.
பிறகு சொல்லலாம்.

ஹெட் லேசில் கிளம்பவில்லை.
மரச்சுத்தியலால் நாலு பக்கமும் தட்டி,
நித்திரைக்காரரை எழுப்புகிற மாதிரித் தட்டி,
கடைசியில் ஒரு முனகல்.
தூக்கிப் பார்த்தால்
நாலு பிஸ்டன் தலையிலும்
அடிப்பிடித்த கஞ்சிப்பானை.

அவர் குனிந்தார்.
"மேல கிடக்கிறது இப்பத்தப் பெற்றோல்.
கீழ அந்த மண்ணிறம் தெரியுதே,
அது மண்ணெண்ணெயில ஓடின காலம்.
சேலைன் போத்தலில ரெண்டு சொட்டுப் பெற்றோல் காட்டி
ஸ்ராட் பண்ணி, பிறகு…"
அவர் சொல்லிக்கொண்டே போனார்.
நான் சுரண்டிக்கொண்டே கேட்டேன்.
கரியில் ஆண்டு எழுதியிருக்கவில்லை.
கீழது கொஞ்சம் கடினம்,
அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

இரும்பு கூடாது, கீறிவிடும்.
தட்டையாய் அடித்த அலுமினியக் கரண்டி,
துணி, பிரஷ், விளிம்பு சுற்றிக் கிறீஸ்.
பத்து மணிக்கு மூக்குச் சிந்தினேன்: கறுப்பு.
தேத்தண்ணியிலும் கரி.

"முழுக்க எடுங்கோ, கண்ணாடி மாதிரி இருக்கவேணும்."
நடு மினுங்கியது. அதில் லைற்றும் அவருடைய மூக்கும்.
விளிம்பில் மட்டும்
சுண்டுவிரல் நகத்தளவு ஒரு கறுப்பு வளையம் விட்டேன்.
"இது?"
"நிக்கட்டும்."
தேய்ந்த சிலிண்டர் அண்ணை.
அதையும் வழிச்சா ஒயில் குடிக்கும், நீலப்புகை தள்ளும்,
மாசம் முடிய முந்தி திரும்ப வருவீங்கள்.
அவருக்குச் சம்மதமில்லை.
நான் வால்வு தேய்க்கத் திரும்பிய நேரம்
நாலாவதை நகத்தால் சுரண்டிப் பார்த்திருக்கிறார்.
வேட்டியில் துடைத்த இடம் காட்டிக்குடுத்தது.

மொத்தக் கரியும்
ஒரு பால்ரின் மூடிக்குள் அடங்கியது.
கடதாசியில் மடித்துத் தரச் சொன்னார்.
என்னத்துக்கெண்டு கேட்கவில்லை.
பில்லில் அதுக்கு ஒண்டும் போடவுமில்லை.
கோணல் புஷ்ரொட்டுக்குப் போட்டேன்.

புதன் பின்னேரம்.
புதுக் காஸ்கற், நடுவிலிருந்து வெளியே
மூன்று சுற்றாய் நட்டு இறுக்கி,
ஸ்ராட்.
முதலில் ஒரு இருமல், பிறகு சீராய் ஓடியது.
"இப்ப நிப்பாட்டுங்கோ."

சாவி திரும்பியது.
நின்றது.
பக்கத்து வெல்டிங் கடை ரேடியோவில்
மரண அறிவித்தல் வாசிப்பது
சொல்லுச் சொல்லாய்க் கேட்டது.

அவர் இறங்கவில்லை.
அந்த ஒன்பது குலுக்கலுக்குள்தான்
மூக்குக்கண்ணாடி கழற்றுவதும்
சில்லறை எண்ணுவதும்
கண்ணாடியில் தொங்கும் செபமாலையைத் தொட்டு முத்துவதும்
இத்தனை வருசம் நடந்திருக்கிறது.
இப்போது கை ஸ்டியரிங்கில்,
கால் கிளச்சில்,
உதடு மட்டும் அசைகிறது.

எண்ணுகிறார் எண்டு
ஏழாவதில்தான் எனக்கு விளங்கியது.

ஒன்பது வந்ததும்
கதவைத் திறந்து இறங்கினார்.